மேற்படி

கன்டினியூட்டிக்கு விருது கிடையாது. ஐரிஷ் படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் வருஷா வருஷம் டப்ளினில் நடக்கிற அந்த விழாவில் தலைமுடிக்கு உண்டு, உடைக்கு உண்டு, ஒலிக்கு உண்டு. ஒரு ஷாட்டில் கதாநாயகன் இடது கையில் பிடித்திருந்த கோப்பை அடுத்த ஷாட்டில் வலது கைக்குத் தாவிவிடாமல் பார்த்துக்கொள்கிறவளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்பாகச் செய்தால் தியேட்டரில் முன்வரிசைக்காரன்கூடச் சிரிப்பான். அட்ராக்டா ஃபீனி முப்பத்து நான்கு வருஷமாக அதை ஒழுங்காகச் செய்துவந்தவள். அதனால் அவளை அந்த விழாவுக்கு இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

இந்த வருஷம் கூப்பிட்டார்கள். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அட்டி, ஏப்ரல் பத்தொம்பது, சனிக்கிழமை, வேற எதுவும் வச்சுக்காத," என்றான் ஃபியக்ரா டெலஹன்ட் தொலைபேசியில். அவன்தான் தயாரிப்பாளர். படம் ஏழு பிரிவுகளில் போட்டிக்குப் போயிருந்தது. "நம்ம மேசையில உனக்கு ஒரு நாற்காலி இருக்கு."

"எனக்கெதுக்கு? நான் என்ன நடிகையா? நல்ல செருப்புகூட எங்கிட்ட இல்ல."

"செருப்பு மேசைக்கு அடியிலதான இருக்கப்போவுது. விஷயம் என்னன்னா, நோரீன் வர்றாங்க. கோல்மனோட சம்சாரம். மறைஞ்சவங்க நினைவுப் படத்துல கோல்மனையும் சேக்கச் சொல்லியிருக்கேன். அவங்க பக்கத்துல ஒரு பொம்பள ஆள் உக்காந்தா நல்லது. நீதான் அதுக்குச் சரி."

"ஏன் நானு?"

"நீ கேட்டதுக்குப் பதில் சொல்லுவ," என்றான் ஃபியக்ரா. கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கேக்காததச் சொல்ல மாட்ட," என்றும் சொன்னான்.

கோல்மன் மக்டோனா அயர்லாந்தின் மேற்கே கானமாராக் கரையில் கர்ரக் வலிக்கிறவன். மரச்சட்டத்தின்மேல் துணி இழுத்துக் கட்டித் தார் பூசிய அந்த லேசான படகில், கதாநாயகனுக்குப் பதிலாக உட்கார்ந்து துடுப்புப் போட அவனைப் பிடித்திருந்தார்கள். முந்தின வருஷம் செப்டம்பரில் ஒரு பிற்பகல், ஏழாவது டேக் முடிந்த கையோடு படகு கவிழ்ந்தது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது.

ஆள் தண்ணீரில் விழுந்தால் தூக்குவதற்கென்று நிறுத்தியிருந்த பாதுகாப்புப் படகு அப்போது எங்கே நின்றது? விசாரணை முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. கரையில் அறுபது பேர் இருந்தார்கள். ஆனால் மழை வலுத்திருந்தது. பாதிப் பேர் கூடாரத்துக்குள், மீதிப் பேர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு. கேட்டபோது அறுபது பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "அட்டியோட தாள்ல இருக்கும், பாருங்க." சினிமாக்காரர்கள் ஒரு விசித்திரமான இனம். சொந்தக் கண்ணால் பார்த்ததைச் சந்தேகப்படுவார்கள். கன்டினியூட்டித் தாளில் இருந்தால் வேதவாக்கு.

தாளில் இருந்தது. முதல் டேக்கில் பாதுகாப்புப் படகின் மூக்கு ஃபிரேமுக்குள் வந்து ஷாட்டைக் கெடுத்துவிட்டது. அதனால் அன்றைக்கு மட்டும் அதற்கென்று ஒரு பத்தி பிரித்திருந்தாள் அட்ராக்டா. இரண்டாவது டேக்குக்கு நேராக 'படகு இடப்பக்கம், முப்பது கெஜம், ஃபிரேமுக்கு வெளியே' என்று எழுதினாள். மூன்றாவதற்கு அதன் அடியில் இரண்டு சின்னக் கோடு, அதாவது மேற்படி. நான்குக்கு மேற்படி. ஐந்து, ஆறு, ஏழுக்கும் மேற்படி. விரலெல்லாம் விறைத்துப் போயிருந்த மழையில் ஒரே வாக்கியத்தை யார் ஆறு தடவை எழுதுவார்கள்?

"இது உங்க கையெழுத்துதானா?" என்று மரண விசாரணை அதிகாரி கேட்டார்.

"ஆமா."

"ஏழாவது டேக்ல படகு அங்க இருந்துச்சா?"

"தாள்ல அப்படித்தான் இருக்கு," என்றாள் அட்ராக்டா.

பொய் என்று யாரும் சொல்ல முடியாத பதில். பாதுகாப்புப் படகை ஓட்டியவன் ஃபியக்ராவின் ஆள். தாளைக் காட்டியதும் அவனும் தலையாட்டினான். ஆள் எப்படிப் போனான் என்று முடிவு சொல்ல முடியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். படகு கவிழ்ந்த அன்றைக்கு, டேக்குக்கு டேக் ஒப்பிட்டுப் பார்க்க அவள் எடுத்த புகைப்படங்களைத் தயாரிப்பு அலுவலகத்துக்கு அனுப்பியதோடு சரி, அந்தக் கோப்புறையை அவள் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

லிஃபி ஆற்றங்கரையில் இருந்த அந்த அரங்கில் எழுபது வட்ட மேசைகள். அட்ராக்டாவின் கண் சும்மா இருக்காது. எந்த மேசையில் மெழுகுவர்த்தி குட்டை, எவள் காதில் ஒரு தோடு கழன்றிருக்கிறது, எவன் போன வருஷத்துக் கோட்டையே இஸ்திரி போட்டு மாட்டி வந்திருக்கிறான் என்றெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தது. தங்கள் மேசையில் பத்து நாற்காலி. ஃபியக்ரா, டைரக்டர், இரண்டு நடிகர்கள், அவர்களோடு வந்தவர்கள். அதில் ஒருவரை மட்டும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது, தெரிந்ததும் பிடிக்கவில்லை. விசாரணையின்போது ஃபியக்ராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வக்கீல். சினிமா விழாவில் வக்கீலுக்கு என்ன வேலை என்று கேட்க வாயெடுத்தவள், கேட்கவில்லை.

நோரீன் மக்டோனா கருநீலக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வாசலில் வாங்கி வைக்க வந்த பெண்ணிடம் கொடுக்க மறுத்துவிட்டாளாம். அடக்கத்தன்றைக்குப் போட்டிருந்த அதே கோட்டு. மூன்றாவது பொத்தான் மட்டும் புதுசு. ஆட்கள் வரிசையாக வந்து குனிந்து கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "உங்க கஷ்டத்துக்கு ரொம்ப வருத்தம்." "உங்க கஷ்டத்துக்கு ரொம்ப வருத்தம்." கை கொடுத்த அதே வேகத்தில் திரும்பிப் போய்க் கண்ணாடிக் கோப்பையை எடுத்துக்கொண்டார்கள்.

"இது ரெண்டாவது சாவு வீடு மாதிரி இருக்கு," என்றாள் நோரீன். "அங்க நாங்க டீ குடுத்தோம். இங்க இவங்க ஒயின் குடுக்குறாங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

"நான் அட்ராக்டா. அட்டின்னு கூப்பிடுவாங்க. அன்னிக்கு நானும்..."

"தெரியும். விசாரணையில பாத்தேன். தாள் எழுதினவங்க."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அட்ராக்டாவுக்குத் தாங்க முடியவில்லை. பரிசாரகன் மாட்டிறைச்சியா மீனா என்று கேட்டுக்கொண்டு வந்தான். நோரீன் மீன் வேண்டாம் என்றாள். "அந்தக் கடல்லேர்ந்து வர்ற எதையும் இப்பல்லாம் வாயில வைக்கிறதில்ல," என்று அவனிடமே சொன்னாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் கூடுதலாக ஒரு ரொட்டி வைத்துவிட்டுப் போனான்.

தொகுப்பாளர் மேடையில் ஏறி வழக்கமான கேலிகளை அவிழ்த்துவிட்டார். டப்ளின்காரர்கள் கார்க் நகரத்துக்காரர்களைப் பற்றியதற்குச் சிரித்தார்கள், கார்க் நகரத்துக்காரர்கள் டப்ளின்காரர்களைப் பற்றியதற்குச் சிரித்தார்கள். முதல் விருது ஒலிக்கு. அதை வேறு படம் தட்டிக்கொண்டு போனது. கைதட்டலுக்கு நடுவில் ஃபியக்ரா நாற்காலியை நகர்த்தி அட்ராக்டாவின் காதருகே வந்தான்.

"அடுத்த விளம்பர இடைவேளைக்கு அப்புறம் நினைவுப் படம். நாலு நிமிஷம். அவங்க கையப் பிடிச்சுக்க. அவ்ளோதான் உன் வேலை."

"வக்கீல் எதுக்கு வந்திருக்கார்?"

"அவருக்கும் சினிமா பிடிக்கும்," என்று ஃபியக்ரா சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "திங்கக்கிழமை நோரீன் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடுறாங்க. இனிமே யாரும் எதையும் கிளற மாட்டோம்னு. எல்லாருக்கும் நிம்மதி. அவங்களுக்கும்தான். அதனால இன்னிக்கு எல்லாம் அமைதியாப் போகணும். அப்புறம், நாம ஜெயிச்சோம்னா உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்."

"எனக்கு எதுவும் வேணாம், ஃபியக்ரா."

"தெரியும். அதனாலதான் குடுக்கணும்."

அவன் எழுந்திருக்கப் போனபோது அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். "எந்த ஃபோட்டோ போடுறாங்க?"

"உன்னோடதுதான். ஆஃபீஸ்ல இருக்கற பொண்ணு உன் ஃபோல்டர்லேர்ந்து எடுத்துக் குடுத்துச்சு. சிரிச்சுக்கிட்டு இருப்பான் மனுஷன். அருமையான படம், நீதான் எடுத்தன்னு உனக்கே ஞாபகம் இருக்காது."

அட்ராக்டா கரண்டியைக் கீழே வைத்தாள். நானூறு படம் எடுத்திருந்தாள் அன்றைக்கு. அதில் கோல்மன் சிரிக்கிற படங்கள் எத்தனை என்று யோசித்தாள். ஒன்றுதான் ஞாபகம் வந்தது. எதற்காகச் சிரித்தான் என்பதும் ஞாபகம் வந்தது. அதற்குமேல் நினைக்கக் கூடாது என்று தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

விளம்பர இடைவேளை முடியப் போகிறது என்று மேடை மேலாளர் விரல்விட்டுப் பத்து, ஒன்பது என்று எண்ணினார். பேச்சு அடங்கியது. கடைசிவரை யாரும் தட்டக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். விளக்கு மங்கியது. ஒரு ஃபிடில் மெதுவாக இழைய, முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. முப்பது வருஷம் செய்தி வாசித்தவர். ஒரு ஒப்பனைக்காரர். எல்லார் வீட்டுத் தொலைக்காட்சியிலும் மாமியாராக நடித்த ஒரு கிழவி. ஒவ்வொரு முகத்துக்கும் ஐந்து விநாடி. அட்ராக்டா நோரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். உழைத்த கை, விரல் நுனியெல்லாம் சொரசொரப்பு. எதற்கும் ஆடாமல் அவள் கைக்குள் கிடந்தது.

கோல்மன் மக்டோனா, படகோட்டி என்று எழுத்து வந்தது.

முப்பது அடி அகலத்துக்கு அவன் சிரித்தான். படகு இறக்கும் சரிவில், முழங்கால் வரை தண்ணீரில், கர்ரக்கின் மூக்கைப் பிடித்தபடி. எழுநூறு பேர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார்கள். அட்ராக்டா சிரிப்பைப் பார்க்கவில்லை. அவள் கண் பழக்கதோஷத்தில் நேராகச் சட்டைக்குப் போனது. வலது சட்டைக்கை முழங்கைக்கு மேலே மடித்துவிடப்பட்டிருந்தது.

ஆறு டேக்வரை அந்தக் கை மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. கதாநாயகனின் முந்தின நாள் ஷாட்டில் மடித்திருந்தது என்பது ஆறாவது முடிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவளே மழையில் ஓடிப்போய் மடிக்கச் சொன்னாள். ஆகவே இது ஏழாவதற்கு முன்னால் எடுத்தது. வேறெப்போதும் எடுத்ததாக இருக்க முடியாது. இதை இந்த அரங்கில் அவளைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது.

பிறகு அவள் கடலைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்க்காத கடலை. அன்றைக்கு அவள் சட்டையைத்தான் பார்த்தாள்.

கோல்மனுக்குப் பின்னால் விரிகுடா முழுசாகத் தெரிந்தது. இடப்பக்கம் பறவை எச்சம் வழிந்த கறுப்புப் பாறை. ஆறு டேக்கும் பாதுகாப்புப் படகு அந்தப் பாறைக்கு அருகில்தான் நின்றது. ஆரஞ்சு நிறம், எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் அறையும். இடமிருந்து வலமாகத் தேடினாள். திரும்பத் தேடினாள். சாம்பல் நிறத் தண்ணீர், அதன்மேல் மழை, வேறொன்றும் இல்லை. மூன்றாவது தடவை தேடுவதற்குள் படம் மாறி, யாரோ ஒரு பாடகரின் முகம் வந்துவிட்டது.

விளக்கு வந்தபோது எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். அட்ராக்டா எழவில்லை. நோரீனும் எழவில்லை.

"அவன் சட்டைக் கைய யாரு மடிச்சுவிட்டது?" என்றாள் நோரீன்.

"நான்தான் மடிக்கச் சொன்னேன்."

"அவன் மடிக்கவே மாட்டானே. பத்து வயசுல படகுக்குப் பூச வச்சிருந்த தார்ச்சட்டி கவுந்து வெந்த கை அது. கல்யாணம் ஆன அன்னிக்குக்கூட சட்டையோடதான் படுத்தான்."

"கதாநாயகனுக்கு மடிச்சிருந்துச்சு. ஒத்துப்போகணும்னு கேட்டேன். முதல்ல தயங்கினார். அப்புறம், இந்த அழகுக் கையப் பாத்துட்டு பொண்ணுங்க எல்லாம் படகுல ஏற வந்துட்டா நீங்கதான் பொறுப்புன்னு சொல்லிட்டுச் சிரிச்சார்."

"அவன்தான்," என்றாள் நோரீன். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. "எப்ப அது?"

காலையில் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாத வார்த்தை. திங்கட்கிழமை கையெழுத்து விழும், எல்லாருக்கும் நிம்மதி, செவ்வாய்க்கிழமை அட்ராக்டா அடுத்த படத்துக்குப் போகலாம்.

"கடைசி டேக்குக்கு முன்னாடி," என்றாள்.

நோரீன் தலையசைத்தாள். மேடையில் உடைக்கான விருதை யாரோ வாங்கித் தன் அம்மாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் நான் டப்ளினுக்கே வந்தேன்," என்றாள் நோரீன். "இந்தச் சோத்துக்கா வந்தேன்? முப்பது கெஜம்னு எழுதியிருக்கீங்க. முப்பது கெஜம்னா எங்க வாசல்லேர்ந்து கோழிக்கூடு தூரம். அவ்ளோ கிட்டத்துல ஒரு படகும் ஆளும் இருந்தும் இவன் ஒரு கையத் தூக்கல. ஒரு சத்தம் போடல. பொறந்ததுலேர்ந்து கடல்ல கிடந்தவன். ஏன்?"

நோரீன் கொஞ்சம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஊர்ல அதுக்கு ஒரு பதில் வச்சிருக்காங்க. யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, நல்லவங்க. நான் கடைக்குள்ள நுழைஞ்சா பேச்சு நின்னுரும், அவ்ளோதான். அவன் தம்பி செத்ததுலேர்ந்து அவனும் கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்குக் காலைல உருளைக்கிழங்கு தோண்டி வச்சுட்டுப் போனான், சாயங்காலம் வந்து கழுவுறேன்னு. எங்க நெசாவுக்குப் பதினாறு வயசு. போன மாசம் என்னைக் கேக்குறா, அப்பாவுக்கு வீட்டுக்கு வரப் பிடிக்கலையாம்மான்னு. நான் என்ன சொல்ல? தாள்ல படகு இருக்கே."

அட்ராக்டாவுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. தன்னுடைய இரண்டு சின்னக் கோடு ஒரு கம்பெனியைக் காப்பாற்றியது என்று இத்தனை நாள் நினைத்துக் குமைந்திருந்தாள். அது ஒரு மனுஷனைத் தானே உயிரை விட்டவனாக்கி, அந்த வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்திருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

சிறந்த படத்துக்கான உறையைப் பிரித்தார்கள். அவர்கள் படம்தான். மேசையில் மற்றவர்கள் எழுந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஃபியக்ரா நோரீனின் உச்சியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு மேடைக்கு ஓடினான். வக்கீல் மட்டும் உட்கார்ந்தபடியே தட்டினார்.

"படகு இல்ல," என்றாள் அட்ராக்டா.

"என்ன?"

"அந்த ஃபோட்டோவுல பின்னாடி கறுப்புப் பாறை இருந்துச்சுல்ல. அங்கதான் நிக்கும். இல்ல. உங்க வீட்டுக்காரர் துடுப்பெடுத்துக் கிளம்புறதுக்கு முன்னாடியே அது போயிருச்சு."

"எங்க போச்சு?"

அட்ராக்டா மேடைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "துறைமுகத்துக்கு. அவனையும் படத்துக்குப் பணம் போட்ட ரெண்டு பேரையும் ஏத்திட்டு வர. தண்ணியிலேர்ந்து ஷூட்டிங் பாக்க ஆசப்பட்டாங்க. அப்புறமா அதுலதான் வந்து இறங்கினாங்க. டேக் முடிஞ்ச பிறகு போயிட்டு வந்துச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டேன். பாக்கல. பாக்காமலே மேற்படி போட்டேன்."

நோரீன் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் அது கல்லாகிவிட்டது. "அப்ப அவன் கையத் தூக்கியிருந்தாலும் பாக்குறதுக்கு ஒரு ஆள்..."

"தூக்கினார்."

இந்த ஒன்றை அட்ராக்டா தனக்குத்தானேகூட இதுவரை சொல்லிக்கொண்டதில்லை. சொல்லிவிட்டாள். இனி நிறுத்த முடியாது.

"கட் சொன்னதும் எல்லாரும் அவங்கவங்க வேலையில குனிஞ்சுருவோம். அப்ப நடிக்கிறவங்கள யாரும் பாக்க மாட்டாங்க. நான் ஒரே ஒரு தடவ நிமிந்தேன். மழையில படகு சரியாத் தெரியல. அந்தக் கை தெரிஞ்சுது. மடிச்சுவிட்ட கை, வெள்ளையா, நேரா மேல. சட்டை சரியா இருக்கான்னு என்னைக் கிண்டல் பண்றார்னு நினைச்சேன். நானும் கையத் தூக்கிக் காட்டினேன். சரியா இருக்குன்னு. அப்புறம் குனிஞ்சு எழுதினேன்."

நோரீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் ஃபியக்ரா கடலைப் பற்றியும் துணிச்சலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தான்.

"இத யாருகிட்ட சொல்லியிருக்க?" என்றாள். மரியாதை போய்விட்டது. அட்ராக்டாவுக்கு அதில் ஏதோ ஒரு ஆறுதல்கூட இருந்தது.

"யாருகிட்டயும் இல்ல."

"கையத் தூக்கினான்."

"தூக்கினார்."

"வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்கான்."

"ஆமா."

நோரீன் அழவில்லை. ரொட்டித் தட்டை நகர்த்தினாள். தன் முன்னால் இருந்த சாப்பாட்டு அட்டையை எடுத்து, வெள்ளைப் பக்கம் மேலே வரத் திருப்பி, அட்ராக்டாவின் முன்னால் தள்ளினாள்.

"எழுது. உன்னை நான் மன்னிக்கிறேனா இல்லையான்னு இப்பக் கேக்காத, எனக்கே தெரியாது. நீ போய் அந்த மைக்குல பேச வேணாம். இவங்க கேட்டு எனக்கு என்ன ஆகப்போவுது? நாளைக்குப் பூசை முடிஞ்சதும் எங்க கோயில் வாசல்ல நின்னு நான் வாசிக்கணும். கடைக்காரி கேக்கணும். நெசா கேக்கணும். அப்புறமா வக்கீலுங்க வாசிக்கட்டும்."

எழுதினால் என்ன ஆகும் என்று அட்ராக்டாவுக்குத் தெரியும். விசாரணையில் சத்தியம் செய்து சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டும். அட்டியின் தாள் என்று இனி யாரும் எதையும் நம்பப் போவதில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு இந்த ஊரில் வேலையும் இல்லை. கைப்பையைத் திறந்தாள். எங்கே போனாலும் கூட வருகிற பென்சில் அடியில் கிடந்தது.

"கடைசியா ஒருத்தர்," என்று ஃபியக்ராவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "உங்கள்ல பாதிப் பேருக்கு இவங்க பேர்கூடத் தெரியாது. ஒரு ஷூட்டிங்ல என்ன நடந்துச்சுன்னு டைரக்டரைக் கேட்டா ஒண்ணு சொல்வார், என்னைக் கேட்டா வேற சொல்வேன். இவங்க எழுதி வச்சா அதுதான் நடந்தது. ரொம்ப மோசமான ஒரு நாள்ல எங்களைக் காப்பாத்தினது இவங்க எழுத்து. இந்தச் சிலை இவங்களோடது. அட்ராக்டா ஃபீனி. மேல வா அட்டி."

வெளிச்சம் வந்து மேசைமேல் விழுந்தது. ஒரு கேமராக்காரன் முதுகை வளைத்துக்கொண்டு அருகில் வந்தான். மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரையில், தலை நரைத்த ஒரு பெண் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவள் நிமிரவில்லை.

"பாருங்க," என்றான் ஃபியக்ரா. "இங்க வந்தும் குறிப்புதான்."

அரங்கம் ஆசையோடு சிரித்தது. எழுபது மேசையும் எழுந்து நின்று தட்டியது. மேசைக்கு எதிர்ப்பக்கம் வக்கீல் சிரிக்கவில்லை. கழுத்தை நீட்டி அந்த அட்டையைப் படிக்கப் பார்த்தார். நோரீன் ஒயின் புட்டியை எடுத்து அவருக்கும் அட்டைக்கும் நடுவில் வைத்தாள்.

முதலில் தேதி, அப்புறம் நேரம், வழக்கப்படி. பிறகு 'ஏழாவது டேக்' என்று போட்டு, அதற்கு நேராக முழு வார்த்தைகளில் எழுதினாள்: 'பாதுகாப்புப் படகு இல்லை. கோல்மன் மக்டோனா வலது கையைத் தூக்கி உதவிக்குக் கூப்பிட்டார். நான் பார்த்தேன்.' அடியில் கையெழுத்துப் போட்டாள். நோரீன் அதை வாங்கி ஒருமுறை படித்தாள், மை இல்லாத எழுத்து அழிந்துவிடாமல் ஒரு கைக்குட்டையில் மடித்துச் சுற்றிக் கோட்டின் உள்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

கைதட்டல் மெல்ல இளைக்கத் தொடங்கியது. வக்கீல் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வேகமாக வந்தார். மேடையில் ஃபியக்ரா ஒரு கையில் சிலையோடு, மறு கையை உயரத் தூக்கி, வா வா என்று ஆட்டிக்கொண்டே இருந்தான். அட்ராக்டா நிமிர்ந்து அந்தக் கையை நன்றாகப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை.